மீன் குட்டையில் நீரோட்டம்: விடியற்காலையில் மீன்கள் சாவதைத் தடுப்பது எப்படி?

மாலையில் தீவனம் போட்டபோது துள்ளி வந்த மீன்கள், காலையில் போய்ப் பார்த்தால் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். பண்ணைக்குட்டையில் மீன் விட்ட விவசாயிகள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. உடனே, 'யாரோ மருந்தைக் கலந்துவிட்டார்கள்' என்று பக்கத்துக் காட்டுக்காரர் மீது சந்தேகம் வரும். ஆனால் விடியற்காலையில் மீன்கள் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் விஷம் அல்ல. தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோவதுதான்.

இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. விஷம் கலந்திருந்தால் மீன்கள் எந்த நேரத்திலும் சாகும். பெரிய மீன், சிறிய மீன், தவளை, பூச்சி என்று எல்லாமே பாதிக்கப்படும். ஆக்ஸிஜன் குறைந்தால் விடிவதற்கு முந்தைய நேரத்தில்தான் சாவு நடக்கும். பெரிய மீன்கள் முதலில் சாகும், குஞ்சுகள் தாக்குப்பிடிக்கும். விரால் போல, மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன்கள் பிழைத்துக்கொள்ளும்.

இந்த இழப்பைத் தவிர்க்க, குட்டையில் தண்ணீர் எப்படிச் சுழல்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தண்ணீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கும்?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். தண்ணீரில் கரைந்திருப்பது மிகமிகக் குறைவு. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், காற்றிலிருந்து சுமார் 8 மில்லி கிராம் ஆக்ஸிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் இது ஏழரை மில்லி கிராமாகக் குறையும். அதாவது, சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைகிறது. ஆனால், சூட்டில் மீனுக்குத் தேவை கூடுகிறது. கோடைக்காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டை மீன்கள் நன்றாக வளர, லிட்டருக்கு 5 மில்லி கிராம் இருக்க வேண்டும். 3 மில்லி கிராமுக்குக் கீழே போனால் தீவனம் எடுக்காது. நோய் எளிதில் தாக்கும். 1 மில்லி கிராமுக்குக் கீழே சில மணி நேரம் இருந்தால் செத்துவிடும்.

பகலில் சேமிப்பு, இரவில் செலவு

குட்டைத் தண்ணீர் பச்சையாக இருப்பதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். பகலில் வெயில் படும்போது இவை ஆக்ஸிஜனைத் தயாரிக்கும். மாலை வரை அது ஏறிக்கொண்டே போகும். பொழுது சாய்ந்ததும் தயாரிப்பு நின்றுவிடும். ஆனால் மீன், பாசி, அடிச்சேறு மூன்றும் இரவு முழுவதும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் விடிவதற்குச் சற்று முன் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 7,56,000 லிட்டர் தண்ணீர் உள்ள குட்டையில், மாலையில் லிட்டருக்கு 6 மில்லி கிராம் இருந்தால், மொத்த ஆக்ஸிஜன் இருப்பு நாலரை கிலோ. அதில் 500 கிலோ மீன்கள் இருந்தால், மணிக்கு சுமார் 150 கிராம் எடுக்கும். 12 மணி நேரத்துக்கு 1.8 கிலோ. மீதி 2.7 கிலோ இருக்க வேண்டும். ஆனால் இருக்காது. அந்த மீதியைப் பாசியும் சேறும் சாப்பிட்டுவிடும். தண்ணீர் எவ்வளவு பச்சையாக இருக்கிறதோ, அடியில் சேறு எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ, அந்த அளவுக்கு இரவுச் செலவு கூடும். 'பச்சைத் தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர்' என்று நினைத்துச் சாணத்தை அள்ளிக் கொட்டக் கூடாது என்பது இதனால்தான்.

பாசி அளவாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. வெயில் நேரத்தில் கையை நேராகத் தண்ணீருக்குள் விடுங்கள். முழங்கை அளவு தண்ணீரில் மூழ்கும்போது உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரியான அளவு. மணிக்கட்டைத் தாண்டியதுமே உள்ளங்கை மறைந்தால் பாசி அதிகம்; சாணத்தையும் உரத்தையும் உடனே நிறுத்துங்கள். மழைக்குப் பிறகு தண்ணீர் மண் கலங்கலாக இருந்தால் இந்தச் சோதனை பொருந்தாது.

மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும்

வெயிலில் மேல் தண்ணீர் சூடாகும். சூடான தண்ணீர் லேசானது என்பதால் மேலேயே நிற்கும். குளிர்ந்த தண்ணீர் அடியில் தங்கும். இரண்டும் தானாகக் கலக்காது. மேலே ஆக்ஸிஜன் நிறைய இருக்கும். அடியில், சாணமும் மிச்சத் தீவனமும் அழுகி, ஆக்ஸிஜன் இல்லாமல் கெட்ட வாயுக்கள் சேர்ந்திருக்கும்.

பல நாள் வெயிலுக்குப் பிறகு திடீரென்று குளிர்ந்த மழையும் காற்றும் அடித்தால், மேல் தண்ணீர் குளிர்ந்து கீழே இறங்கும். அடித் தண்ணீர் கெட்ட வாயுக்களோடு மேலே வரும். குட்டை முழுக்க ஆக்ஸிஜன் ஒரே இரவில் இறங்கிவிடும். கோடை மழை பெய்த மறுநாள் காலையில் மீன்கள் சாவதன் ரகசியம் இதுதான். தினமும் சிறிது சிறிதாகத் தண்ணீரைக் கலக்கி வந்தால் இந்த ஆபத்து வராது.

முதலில் இரண்டு அளவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒன்று, குட்டையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது. சராசரி நீளம், சராசரி அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள். கரை சரிவாக இருப்பதால், மேல்மட்ட அளவையும் அடிமட்ட அளவையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி கிடைக்கும். 28 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 756 கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். ஆக 7,56,000 லிட்டர்.

இரண்டு, உங்கள் மோட்டார் உண்மையில் எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது. மோட்டார் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண், ஏற்றம் இல்லாத நிலையில் கிடைக்கும் அளவு. உயரம், குழாயின் நீளம், வளைவுகள் எல்லாம் சேர்ந்து அதைக் குறைத்துவிடும். 200 லிட்டர் பேரலைக் குழாய் முனையில் வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 40 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 18,000 லிட்டர். நான்கு மணி நேரம் ஓடினால் 72,000 லிட்டர். மேலே சொன்ன குட்டையில், இது பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு.

இந்த இரண்டு எண்களையும் மோட்டார் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். தண்ணீர் மாற்றும்போதும், சுண்ணாம்பு போடும்போதும், அவசர நேரத்திலும் இவைதான் உதவும்.

தண்ணீர் தேங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

மோட்டார் ஓடுகிறது என்பதற்காகக் குட்டை முழுக்கத் தண்ணீர் சுழல்கிறது என்று சொல்ல முடியாது. காற்று இல்லாத நேரத்தில் ஒரு கூடை நெல் உமியைத் தண்ணீர் மேல் பரவலாகத் தூவி, மோட்டாரையோ ஏரேட்டரையோ ஓட விடுங்கள். உமி எங்கே நகராமல் நிற்கிறதோ, அங்கே மேல் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள்.

அடி ஓட்டத்தைப் பார்க்க, காலி தண்ணீர் பாட்டில்களில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் நிரப்பி மூடி மிதக்க விடுங்கள். மூடி மட்டும் வெளியே தெரியும். பாட்டில் தண்ணீருக்குள் இருப்பதால் காற்று தள்ளாது. இன்னும் ஆழத்தைப் பார்க்க, பாட்டிலில் ஒரு மீட்டர் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் சிறு கல் வைத்த துணிப்பையைத் தொங்க விடலாம். பாட்டில் முழுகாத அளவுக்குக் கல் சிறியதாக இருக்கட்டும்.

சதுரக் குட்டைகளில் மூலைகள்தான் பெரும்பாலும் தேங்கும் இடங்கள். தீவனம் போடும் இடம் அதுவாக இருக்கவே கூடாது. மிச்சத் தீவனம் அங்கேயே அழுகும்.

ஏரேட்டரை எங்கே வைப்பது, எப்போது ஓட்டுவது?

துடுப்புச் சக்கர ஏரேட்டர் ஆக்ஸிஜனைக் கரைப்பதோடு தண்ணீரையும் தள்ளுவதால் குட்டைக்கு ஏற்றது. 500 கிலோ மீன்களுக்கு 1 எச்.பி. என்பது நடைமுறைக் கணக்கு. வைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- நீளமான கரைக்கு இணையாக வையுங்கள். கரைக்கு நேராகத் தண்ணீரைத் தள்ளினால் ஓட்டம் முட்டி நின்றுவிடும்.
- வழக்கமாகக் காற்று வீசும் திசையிலேயே தள்ளும்படி வையுங்கள்.
- இரண்டு இருந்தால் எதிரெதிர் மூலைகளில், ஒன்று தள்ளும் தண்ணீரை மற்றொன்று வாங்கித் தள்ளுமாறு வையுங்கள். அப்போது குட்டை முழுக்க ஒரே சுற்றாக ஓடும்.
- மண் குட்டையாக இருந்தால் கரையிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் கரை அரிக்கும்.
- சக்கரத்துக்குக் கீழே குறைந்தது ஒரு மீட்டர் தண்ணீர் வேண்டும். ஆழம் குறைந்தால் சேறு கலங்கும்.

நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஓட்டுவது முக்கியம். மீன்கள் வாயைப் பிளந்த பிறகு போடுவதைவிட, முன்கூட்டியே போடுவது நல்லது. நல்ல வெயில் நாளில் பிற்பகல் 2 மணிக்கு ஒரு மணி நேரம் ஓட்டினால், மேலே சேர்ந்த ஆக்ஸிஜன் அடிக்கும் போய்ச் சேரும். மேகமூட்டமான நாட்களில் பாசி தயாரிக்கும் ஆக்ஸிஜன் குறைவு என்பதால், அன்றிரவு பொழுது சாய்ந்ததிலிருந்தே ஓட்ட வேண்டும். மும்முனை மின்சாரம் உங்கள் பகுதியில் இரவில் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதைப் பார்த்து இந்த நேரத்தைத் திட்டமிடுங்கள். பின்னிரவில் மின்சாரம் இருக்காது என்றால் டீசல் இன்ஜின் தயாராக இருக்க வேண்டும்.

நீண்ட நாள் கலக்காமல் விட்ட, சேறு நிறைந்த குட்டையில் முதல் நாளே முழு வேகத்தில் கலக்காதீர்கள். அடியிலுள்ள கெட்ட வாயு மொத்தமாக மேலே வந்துவிடும். வெயில் நேரத்தில் அரை மணி நேரத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டுங்கள்.

போர் தண்ணீரை அப்படியே விடாதீர்கள்

'போர் தண்ணீர் சுத்தமானது, அதை விட்டால் மீன் பிழைத்துக்கொள்ளும்' என்று பலர் நினைக்கிறார்கள். ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவாகவே இருக்கும். இரும்போ, கெட்ட வாயுவோ இருக்கவும் வாய்ப்புண்டு. குழாயைத் தண்ணீருக்குள் மூழ்க விட்டு நிரப்பினால் பலன் குறைவு.

குழாய் முனையை ஒரு மீட்டர் அல்லது அதற்கும் மேல் உயர்த்தி, துளைகள் போட்ட தகரத்திலோ அடுக்கிய கற்களிலோ விழுந்து சிதறி வரும்படி செய்யுங்கள். துளித்துளியாகச் சிதறும்போது காற்றோடு கலந்து ஆக்ஸிஜனை வாங்கிக்கொள்ளும். கெட்ட வாயு வெளியேறும்.

வெளியேற்றும் தண்ணீர் எப்போதும் அடித் தண்ணீராக இருக்கட்டும். அதில்தான் கழிவு இருக்கிறது. தென்னை, வாழை, தீவனப்புல்லுக்கு அது நல்ல உரத் தண்ணீர். புதுத் தண்ணீர் ஒரு மூலையில் விழுந்தால், பழைய தண்ணீர் எதிர் மூலையின் அடியிலிருந்து போக வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால், விட்ட தண்ணீரே திரும்பப் போய்விடும்.

வட்டத் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு

தார்ப்பாய் அல்லது சிமென்ட் வட்டத் தொட்டியில் மீன்களின் நெருக்கம் அதிகம். சுழற்சி நின்றால், அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே மீன்கள் சாக ஆரம்பிக்கலாம்.

டம்ளரில் டீயைக் கலக்கிவிட்டுப் பார்த்தால், டீத்தூள் நடுவில் வந்து குவியும். வட்டத் தொட்டியும் அப்படித்தான் வேலை செய்கிறது. உள்ளே வரும் தண்ணீர், சுவரை ஒட்டிச் சாய்வாக விழுந்து தொட்டியைச் சுற்ற வேண்டும். கழிவு தானாக நடுவுக்கு வரும். நடுவில் வடிகுழாய் இருந்தால் வெளியேறிவிடும்.

தண்ணீர் மட்டத்தை நிலைநிறுத்த நடுவில் ஒரு குழாய் நட்டு வைப்போம். அதன் மேல் இன்னும் பெரிய குழாய் ஒன்றைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் மட்டும் வெட்டுகள் போடுங்கள். வெளிக்குழாயின் மேல்முனை தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் மேல் தண்ணீர் போகாமல், அடியிலுள்ள கழிவுத் தண்ணீர் வெட்டுகள் வழியே ஏறி வெளியேறும். வெட்டுகள் குஞ்சு நுழையாத அளவில் இருக்கட்டும்.

4 மீட்டர் விட்டம், 1 மீட்டர் தண்ணீர் உள்ள தொட்டியின் கொள்ளளவு சுமார் 12,500 லிட்டர். மணிக்கு 6,000 லிட்டர் உண்மையில் தள்ளும் மோட்டார் இருந்தால், இரண்டு மணி நேரத்தில் ஒரு சுற்று. நெருக்கமாக வளர்க்கும் தொட்டிக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் ஒரு சுற்று தேவை.

அதே தண்ணீரை வடிகட்டித் திரும்ப விடுபவர்கள், முதலில் கழிவு படிய ஒரு பேரல், அடுத்து ஜல்லி அல்லது வலைத் துண்டுகள் நிரப்பிய பேரல் என்று வரிசையாக வையுங்கள். இரண்டாவது பேரலில் வளரும் நுண்ணுயிர்கள்தான் மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை மாற்றுகின்றன. இவை வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை குறைவான மீன், குறைவான தீவனம். இந்தப் பேரலைக் குளோரின் தண்ணீரில் கழுவக் கூடாது. பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் நின்றிருந்தால், அதில் தேங்கிய தண்ணீரைத் தொட்டியில் விடாமல் வெளியே கொட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

மோட்டார் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால், தண்ணீரை வெளித்தள்ளும் குழாயிலுள்ள வால்வைத் திருகுங்கள். உறிஞ்சும் குழாயிலுள்ள வால்வை அடைத்தால் மோட்டார் காற்றிழுத்துக் கெட்டுப்போகும். வெளித்தள்ளும் தண்ணீரில் குமிழ்கள் வந்தாலோ, பேரல் நிரம்பும் நேரம் கூடினாலோ, ஃபுட்வால்வ் அடைப்பையும் உறிஞ்சும் குழாய் இணைப்புகளையும் பாருங்கள்.

சுழற்சி மட்டும் போதாது

எவ்வளவு தண்ணீரைச் சுற்றினாலும், உள்ளே போவது அதிகமானால் குட்டை தாங்காது.

கூட்டு மீன் வளர்ப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு குஞ்சு என்பது மேல் அளவு. ஏரேட்டர் இல்லையென்றால் அதில் பாதியோடு நிறுத்துங்கள். மீன்கள் வளர வளர மொத்த எடை கூடும். விற்கும் அளவுக்கு வந்தவற்றை அவ்வப்போது பிடித்துவிடுங்கள். தீவனத்தை அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுக்குப் போடுங்கள். மேகமூட்டமான நாளில் பாதியாகக் குறையுங்கள்.

அம்மோனியாவின் விஷத்தன்மை, கார அமில நிலையைப் பொறுத்தது. 28 டிகிரியில், பி.எச். 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் 1 சதவிகிதத்துக்கும் குறைவுதான் விஷம். பி.எச். 8 என்றால் சுமார் ஆறரை சதவிகிதம். பி.எச். 9 என்றால் 40 சதவிகிதம். பாசி அதிகமான குட்டையில் மாலையில் பி.எச். ஏறும். எனவே, அளவு தெரியாமல் சுண்ணாம்பை அள்ளிப் போடாதீர்கள். பாசியைக் கொல்ல மருந்து தெளிப்பதும் ஆபத்து. மொத்தமாகச் செத்த பாசி அழுகும்போது இருக்கும் ஆக்ஸிஜனையும் தின்றுவிடும்.

மீன்கள் வாயைப் பிளந்தால்

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நின்று, கையைத் தட்டினாலும் உள்ளே போகாவிட்டால், உடனே செய்ய வேண்டியவை:

1. ஏரேட்டரை ஓட விடுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் அல்லது டீசல் இன்ஜின் மூலம், குட்டையின் மேல் தண்ணீரையே இறைத்து, உயரத்திலிருந்து சிதறி விழச் செய்யுங்கள்.
2. புதுத் தண்ணீர் இருந்தால் அதையும் சிதறவிட்டு உள்ளே விடுங்கள்.
3. அன்று முழுவதும் தீவனம் வேண்டாம். சாணமும் சுண்ணாம்பும் வேண்டாம்.
4. வலை போட்டு இழுக்காதீர்கள். சேறு கலங்கி நிலைமை மோசமாகும்.
5. வெயில் நன்றாக ஏறி, மீன்கள் உள்ளே போகும் வரை நிறுத்தாதீர்கள்.
6. செத்த மீன்களை அகற்றிப் புதைத்துவிடுங்கள். அன்றிரவு முழுவதும் கண்காணியுங்கள்.

உயிர் முக்கியம்

தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் இது. அவசரத்தில், இருட்டில் ஏரேட்டரைச் சரிசெய்யப் போய் உயிரை விட்டுவிடக் கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் கட்டாயம். முறையான எர்த் வேண்டும். ஒட்டுப்போட்ட ஒயரைத் தண்ணீரில் விடக் கூடாது. மெயின் சுவிட்சை நிறுத்தாமல் யாரும் குட்டைக்குள் இறங்கக் கூடாது. தார்ப்பாய் விரித்த குட்டையில் சரிவு வழுக்கும். நீச்சல் தெரிந்தவர்கூட ஏற முடியாமல் போகலாம். நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்க விடுங்கள். சுற்றிலும் வேலி போட்டுக் குழந்தைகள் வராமல் பாருங்கள்.

தினமும் ஐந்து நிமிடம்

காலை 5 மணிக்கு மீன்கள் மேலே நிற்கின்றனவா என்று பாருங்கள். பகலில் கையை விட்டுப் பாசியைப் பாருங்கள். மாலையில் மிச்சத் தீவனத்தையும் வானத்தையும் பாருங்கள். வாரம் ஒருமுறை பேரல் சோதனை, மாதம் ஒருமுறை உமிச் சோதனை. இவற்றை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். தண்ணீர்ப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் உங்கள் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ, வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். குட்டையின் வரலாறு தெரிந்தால்தான் அவர்களாலும் சரியான யோசனை சொல்ல முடியும்.